தண்டமும் கடனும்

வீதியில் நிகழும் சிறு குற்றங்களைப் பற்றித் தத்துவம் பேசுவது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். கொலையையும் களவையும் பற்றி நீதிநூல்கள் பேசுகின்றன. பின்னால் வருவோரைப் பாராமல் வாகனத்தை ஒரு நிரலிலிருந்து மறு நிரலுக்குத் திருப்பியவன் பெறும் தண்டப் பத்திரத்தைப் பற்றி எந்த நீதிநூல் பேசிற்று என்று அவர்கள் கேட்கக்கூடும். ஆனால் பெருங்குற்றம் புரியும் வாய்ப்பு நம்மிற் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் வருவதில்லை. சிறு குற்றம் புரியும் வாய்ப்போ நாள்தோறும் வருகிறது. அறியாத மனிதனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது என்ற கேள்வியை அன்றாடம் நம்முன் வைப்பது நீதிமன்றம் அன்று, வீதியே.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் மக்கள் போக்குவரத்தின் அறத்தை நெடுங்காலம் நீரின்மேற் கற்றவர்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவி, சூரியன் எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும் படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் பிரித்து வைத்தது. வயலும் மாடும் ஒரு கரையில்; சந்தையும் நகரமும் மறு கரையில். இரண்டையும் இணைத்தவை ஓடங்களும் மிதவைகளும். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையை இப்பகுதி மக்கள் ‘பாதை’ என்றே அழைக்கின்றனர். பாதை வரும்வரை அனைவரும் துறையில் நிற்க வேண்டும். அவசரம் உள்ளவனுக்கென்று தனியாக ஒரு வாவி கிடையாது.

1924 இல் திறக்கப்பட்டு, அன்றைய ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயர் சூட்டப்பெற்ற பழைய கல்லடிப் பாலமும் இதே பாடத்தையே புகட்டிற்று. அது ஒடுங்கிய இரும்புப் பாலம். ஒரு திசையிலிருந்து வாகனங்கள் ஏறிவிட்டால் மறு திசையில் வருவோர் காத்து நிற்க வேண்டும். பிடிவாதம் பிடித்தால் இரு சாராரும் நடுப்பாலத்தில் முகத்தோடு முகம் நிற்க வேண்டியதுதான். 2013 இல் அதன் அருகே இரு திசைகளிலும் ஒரே வேளையில் செல்லத்தக்க புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014 இல் மண்முனைத் துறைக்கும் பாலம் வந்தது. போரின் பின் வீதிகள் அகன்றன. காத்தான்குடியின் பிரதான வீதி நடுவே பேரீச்சை மரங்கள் நிற்க இரு பக்கமும் விரிந்தது. இவை யாவும் மக்களுக்கு நன்மையே. இவற்றை வரவேற்காதவன் படுவான்கரை நோயாளியை நள்ளிரவில் ஓடத்தில் ஏற்றிய துயரை அறியாதவன். ஆனால் ஒரு மாற்றத்தை நாம் கவனிக்க வேண்டும். பழைய பாலத்தில் விதி இரும்பில் இருந்தது. அகன்ற வீதியில் அது வெள்ளைச் சாயத்தில் மட்டுமே இருக்கிறது. சாயக் கோட்டைக் கடப்பதற்கு மனிதனுடைய மனம் ஒன்றைத் தவிர வேறு தடை இல்லை.

அந்தக் கோட்டைப் பாராது கடந்த ஒரு சாரதியைப் பொலிஸார் நிறுத்துகின்றனர் என்று கொள்வோம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இந்நாட்டு வீதிகளை ஆளுகிறது. அதன்கீழ்ச் சிறு குற்றங்களுக்கு அவ்விடத்திலேயே தண்டப் பத்திரம் எழுதிக் கொடுப்பர். வழமையான நடைமுறையில் சாரதி அனுமதிப்பத்திரம் பொலிஸாரிடம் போய்விடும். பதினான்கு நாட்களுள் தபாலகத்திற் பணம் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். தவறினால் தொகை இரட்டிக்கும். அதன் பின்னும் தவறினால் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குச் செல்லும்.

பத்திரத்தைக் கையில் வாங்கிய மனிதனின் உள்ளத்தில் நான்கு குரல்கள் எழுகின்றன. “ஒன்றும் நடக்கவில்லையே, இது என்ன குற்றம்?” என்பது ஒன்று. “கட்டித் தொலைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்” என்பது இன்னொன்று. “கையில் எதையாவது வைத்து முடித்துவிடலாமா?” என்பது மூன்றாவது. “நான் செய்யவில்லை, வழக்காடுவேன்” என்பது நான்காவது. இந்நான்கையும் ஒவ்வொன்றாக ஆராய்வதே நமது நோக்கம்.

முதற் குரல் மிகவும் வலிமையானது. ஏனெனில் அதில் ஓர் உண்மை உண்டு. வீதி விதிகள் பல தம்மளவில் அறமும் அல்ல, மறமும் அல்ல. இடப்பக்கம் செல்வது நல்லொழுக்கம் என்றும் வலப்பக்கம் செல்வது தீயொழுக்கம் என்றும் எவரும் சொல்ல முடியாது. நாம் இடப்பக்கம் செல்வது ஆங்கிலேயர் ஆட்சி விட்டுச் சென்ற வழக்கம். சுவீடன் நாட்டினர் 1967 செப்டெம்பர் 3 ஆம் நாள் விடியற்காலை, நாடு முழுவதும் ஒரே வேளையில், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறினர். முதல் நாள் சரியாயிருந்தது மறுநாள் குற்றமாயிற்று. அப்படியானால் விதி வெறும் ஏற்பாடுதானே, அதை மீறுவதில் அறம் எங்கே கெடுகிறது?

விடை அந்தச் சுவீடன் நாட்டு விடியற்காலையிலேயே இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதை ஏற்பாடு முடிவு செய்யலாம். ஆனால் முடிவு செய்த பின், ஒவ்வொருவரும் மற்றவர் அதைக் காப்பார் என்று நம்பித் தம் உயிரை வீதியில் வைக்கின்றனர். நம் பெயரை அறியாத, நம் முகத்தைப் பாராத ஒருவர், நாம் நம் நிரலிலேயே செல்வோம் என்று நம்பிப் பின்னால் வருகிறார். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடும். கண் கண்டு, மனம் உணர்ந்து, கை தடுப்பை அழுத்துவதற்கு ஒரு வினாடிக்கு மேல் ஆகும். ஆகவே அவருடைய உயிர் அவருடைய திறமையில் மட்டும் தங்கியிருப்பதில்லை. நமது சொல் தவறாமையிலும் தங்கியிருக்கிறது. கண்ணாடிக்கு எட்டாத மறைவிடத்தைத் தலை திருப்பிப் பார்ப்பதும், சமிக்ஞை விளக்கை முன்கூட்டியே இடுவதும், அது பிறர் கண்ணிற் படும்வரை பொறுப்பதும் வாய் திறவாமல் கொடுத்த வாக்கைக் காக்கும் செயல்கள். பாராமல் நிரல் மாறுவது அவ்வாக்கை முறிப்பது.

“முறிந்தது, ஆனால் எவருக்கும் கேடு நேரவில்லையே” என்று அக்குரல் மீண்டும் கேட்கிறது. இங்கே மெய்யியலார் நெடுநாள் ஆராய்ந்த ஒரு சிக்கல் எதிர்ப்படுகிறது. 1976 இல் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் என்ற இரு அறிஞர்கள் இதனை ‘ஒழுக்கத்தில் அதிர்ஷ்டம்’ என்ற பெயரால் விவாதித்தனர். இரு சாரதிகள் ஒரே கவனக்குறைவோடு ஒரே திருப்பத்தைத் திருப்புகின்றனர். ஒருவனுடைய பாதையில் எவரும் இல்லை. மற்றவனுடைய பாதையில் பள்ளி விட்டு வரும் பிள்ளை இருக்கிறாள். முதலாமவன் வீட்டுக்குப் போய் உறங்குகிறான். இரண்டாமவன் வாழ்நாள் முழுதும் உறங்குவதில்லை. அவர்களுடைய செயலில் வேறுபாடு உண்டா? வேறுபாடு வீதியில் இருந்தது, அவர்களில் இருக்கவில்லை. அப்படியாயின், தண்டப் பத்திரம் பெற்றவன் நொந்துகொள்வதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பிணம் விழுந்த பின்னரே கேட்கப்படும் கேள்வி அவனிடம் பிணம் விழாமலே கேட்கப்பட்டிருக்கிறது. இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் மாள்கின்றனர். உலகில் 2021 இல் மாண்டோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. இம்மரணங்களுக்குக் காரணமானோரிற் பெரும்பாலோர் கொடியவர்கள் அல்லர்; நேற்றுவரை அதே பிழையைச் செய்து, ஒன்றும் நடவாமல் வீடு திரும்பியவர்கள்.

இந்தக் கேள்வி நம் நாட்டுக்குப் புதியதன்று. வீதிக் குற்றம் பற்றிய மிகப் பழைய கதையொன்று நம்மிடமே இருக்கிறது. தேர்க்காலில் அகப்பட்ட கன்றுக்காகத் தன் மகனையே தண்டித்த சோழனைத் தமிழ் உலகம் மனுநீதி கண்டவன் என்று போற்றுகிறது. பெரியபுராணத்தில் அமைச்சர்கள் அரசனுக்கு ஒரு வழி சொல்கின்றனர்: பசுவைக் கொன்ற பாவத்துக்குச் சாத்திரம் விதித்த கழுவாயைச் செய்துவிட்டால் போதும். அரசன் அதை மறுக்கிறான். வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வதும், தன் மகன் கொன்றால் கழுவாய் செய்து விடுவதும் நீதியா என்பது அவன் வாதம். இன்றைய மொழியிற் சொன்னால், சாதாரண மனிதனுக்குத் தண்டனை, அதிகாரத்தில் இருப்பவன் வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை என்ற இரட்டை நீதியை அவன் ஏற்கவில்லை.

ஐந்தாம் நூற்றாண்டளவில் பாளி மொழியில் எழுந்த மகாவம்சமும், அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன்மேல் இதே கதையை ஏற்றிச் சொல்கிறது. அவன் மகன் திஸ்ஸ வாவிக்குத் தேரிற் சென்றபோது, தாய்ப்பசுவோடு வழியிற் கிடந்த கன்றை அறியாமற் கொன்றுவிட்டான். பசு மணியை அடித்தது. மகன் அதே தேர்ச்சக்கரத்துக்குப் பலியானான். பகைவனாக வந்து ஆண்டவன் என்று தான் கருதும் ஒரு மன்னனின் நீதியை அந்நூல் மறைக்காமற் கூறியிருப்பது, சிங்களவரும் தமிழரும் சேர்ந்து வாசிக்க வேண்டிய பக்கம். ஆனால் நமக்கு அதனினும் முக்கியமானது அதே நூல் சொல்லும் இன்னொரு நிகழ்ச்சி. எல்லாளன் தானே தேரிற் சென்றபோது நுகத்தடி முனை ஒரு தூபியில் இடித்து அதனைச் சிதைத்துவிட்டது. மன்னன் தேரைவிட்டு இறங்கி வீதியிற் படுத்து, தன் தலையையும் சக்கரத்தால் துணித்துவிடுமாறு கேட்டான். பிறருக்குத் துன்பம் செய்வதைத் தங்கள் ஆசான் விரும்புவதில்லை, தூபியைப் பழுது பார்த்தால் போதும் என்று அமைச்சர்கள் கூறினர். பெயர்ந்து விழுந்தவை பதினைந்து கற்கள். அவற்றை மீண்டும் வைப்பதற்கு அவன் பதினைந்தாயிரம் காசு செலவிட்டான் என்று மகாவம்சம் கணக்குச் சொல்கிறது.

இவ்விரு கதைகளும் வரலாறாக எவ்வளவு நிற்கும் என்பது வேறு ஆராய்ச்சி. கருத்தாக அவை இரு நீதிகளைச் சொல்கின்றன. முதலாவது பழிக்குப் பழி. அதனை இன்று எந்த மனிதாபிமானியும் விரும்பமாட்டான். அறியாமற் செய்த பிழைக்கு ஓர் இளைஞனின் உயிரை வாங்குவதால் கன்று எழுந்து வரப்போவதில்லை. இரண்டாவது சீர்செய்யும் நீதி. அதில் மன்னன் பணத்தைப் பாவக்கணக்கில் வரவு வைக்கவில்லை. பெயர்ந்த கற்களை இருந்த இடத்தில் வைத்தான். பணம் கல்லாக மாறி மீண்டும் தூபியில் ஏறிற்று. நமது தண்டப் பணம் எதுவாக மாறுகிறது, எதைச் சீர்செய்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதனால் இரண்டாம் குரலுக்கு வருகிறோம். “கட்டித் தொலைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.” நமது பேச்சு வழக்கில் ‘தண்டம்’ என்பதற்கு வீண் செலவு என்றும் பொருள் உண்டு என்பதைத் தமிழறிந்த நண்பர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. தண்டம் கட்டியவன் தண்டமாய்ப் போயிற்று என்கிறான். பணம் போயிற்று, பாடம் வரவில்லை.

இதனை விளக்கும் ஓர் ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள பத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களில், மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் சிலர் தாமதித்து வந்தனர். அவற்றுள் ஆறு நிலையங்களில் தாமதத்துக்குச் சிறு தண்டம் விதிக்கப்பட்டது. தாமதம் குறையவில்லை; கூடிற்று, ஏறத்தாழ இரு மடங்காயிற்று. முன்பு ஆசிரியையைக் காக்க வைக்கிறோமே என்று கூசியவர்கள், இப்போது அந்த நேரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டதாக எண்ணினர். பின்பு தண்டத்தை நீக்கியபோதும் பழைய கூச்சம் திரும்பவில்லை. கடன் ஒருமுறை விலையாக மாறிவிட்டால், விலையை எடுத்துவிட்டாலும் அது மீண்டும் கடனாவதில்லை.

தண்டம் விலையாகிவிட்டால், வாங்க வசதி உள்ளவன் வாங்குவான். இங்கே வர்க்க வேறுபாடு வெளிப்படையாக வந்து நிற்கிறது. தண்டம் இரண்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு மூவாயிரம் ரூபாய் கையில் மிஞ்சும் முச்சக்கரவண்டிச் சாரதிக்கு அது எட்டு மணிநேர உழைப்பில் ஐந்து மணி இருபது நிமிடம். நாளொன்றுக்கு இருபதினாயிரம் வருவாய் உள்ள கனவானுக்கு அது நாற்பத்தெட்டு நிமிடம். தபாலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அலையும் நேரத்தையும் சேர்த்தால் சாரதியின் நட்டம் இன்னும் வளரும்; கனவானோ அவ்வலைச்சலுக்கு வேறோர் ஆளை அனுப்பிவிடலாம். ஒரே குற்றம், ஒரே தொகை. ஆயினும் ஒருவனுக்கு அது அடி, மற்றவனுக்கு அது கொசுக்கடி. தொகையில் சமத்துவம் காட்டும் சட்டம் வலியில் சமத்துவம் காட்டவில்லை.

இதற்கு மாற்று இல்லை என்று சொல்வதற்கில்லை. பின்லாந்து 1921 இலும், சுவீடன் 1931 இலும், டென்மார்க் 1939 இலும் வருவாயை அளவுகோலாகக் கொண்ட ‘நாட்தண்ட’ முறையை ஏற்றன. குற்றத்தின் கடுமைக்கேற்ப இத்தனை நாள் என்று கணக்கிட்டு, அவரவர் ஒரு நாள் வருவாயின் ஒரு பங்கால் அதனைப் பெருக்குவர். பின்லாந்தில் 2002 இல் பெரும் நிறுவனமொன்றின் உயரதிகாரி ஒருவருக்கு, வேக எல்லையை மீறியதற்காக ஏறத்தாழ 1,16,000 யூரோ விதிக்கப்பட்டது. அத்தொகை பின்னர் குறைக்கப்பட்டதாயினும், அதன் பின்னுள்ள கொள்கை நின்றது: தண்டனை என்பது பணத்தின் அளவன்று, அது மனிதனுக்குத் தரும் உணர்வின் அளவு.

நம் நாட்டில் நடந்ததையும் பார்ப்போம். 2016 இறுதியில் வந்த வரவு செலவுத் திட்டத்தில் ஏழு கடுமையான வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தது 25,000 ரூபாய் தண்டம் முன்மொழியப்பட்டது. அவ்வேழில் ஒன்று இடப்பக்கத்தால் முந்திச் செல்வது. தனியார் பஸ் தொழிலில் உள்ளோர் எதிர்த்தனர். பஸ்கள் ஓடாமல் நின்றன. அன்று பலர் பஸ் சாரதிகளைப் பழித்தனர். பலர் அரசைப் பழித்தனர். ஒரு பஸ் ஏன் இன்னொரு பஸ்ஸை இடப்பக்கத்தால் முந்துகிறது என்று கேட்டவர்கள் சிலரே. தனியார் பஸ்ஸிற் சாரதியும் நடத்துநரும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர் அல்லர். உரிமையாளருக்குச் சேரவேண்டிய தொகை போக, அன்றைய வசூலிலிருந்தே அவர்கள் பங்கு வரும். முன்னால் நிற்கும் பயணி யாருடைய பஸ்ஸில் ஏறுகிறாரோ அவருடைய வீட்டில் அடுப்பு எரியும். இத்தகைய ஏற்பாட்டில் வீதி பந்தயக் களமாகாமல் வேறென்னவாகும்? அந்தச் சாரதியின் கால் வேகமிதியை அழுத்துகிறது. அக்காலை அழுத்துவது உரிமையாளரின் கணக்குப் புத்தகம். நிரந்தரச் சம்பளமும், ஒழுங்கான நேர அட்டவணையும், ஓய்வும் தராத சமுதாயம் இருபத்தையாயிரம் ரூபாய் தண்டத்தால் வீதியைத் திருத்திவிட முடியாது.

ஆனால் இங்கே நாம் ஓர் எச்சரிக்கையோடு நிற்க வேண்டும். ‘குற்றம் அமைப்பினுடையது’ என்று சொல்லி மனிதனை முற்றாக விடுவித்துவிடுவது முற்போக்குச் சிந்தனை ஆகாது. பஸ்ஸின் இடப்பக்கத்தில் யார் இருக்கின்றனர்? இறங்கும் பயணி இருக்கிறாள். வீதியோரம் சைக்கிளில் போகும் கூலித்தொழிலாளி இருக்கிறார். நடந்து செல்லும் மாணவர் இருக்கின்றனர். பாராமல் நிரல் மாறும் வாகனம் நசுக்குவது முதலாளியை அன்று, மற்றோர் ஏழையை. ஏழையின் நெருக்கடியை வேறோர் ஏழையின் உயிரால் தீர்ப்பதை நாம் ஏற்க முடியாது. அமைப்பை மாற்றப் போராடும் உரிமையும், அது மாறும்வரை பக்கத்தில் வருபவரைக் காக்கும் கடமையும் ஒரே மனிதனின் இரு கைகள்.

மூன்றாம் குரல் தாழ்ந்த குரலில் பேசுவது. “கையில் எதையாவது வைத்து முடித்துவிடலாம்.” இலங்கையில் 1954 இலேயே இலஞ்சத்துக்கெதிரான தனிச் சட்டம் வந்தது, 2023 இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. வாங்குபவனைப் போலவே கொடுப்பவனும் குற்றவாளி என்பது பழைய சட்டத்திலேயே இருந்த நெறி. ஆயினும் கொடுப்பவன் தன்னைக் குற்றவாளியாக எண்ணுவதில்லை. அவனுக்கு மூன்று சமாதானங்கள் உண்டு: தொகை குறைவு, நேரம் மிச்சம், அந்தப் பொலிஸ்காரனும் குறைந்த சம்பளக்காரன். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்றும் இருவரை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. மூன்றாமவர் ஒருவர் இருப்பதை மறக்கின்றன. விதியை நம்பிப் பின்னால் வந்த மனிதரே அந்த மூன்றாமவர். தண்டம் விலையானபோது விதி மலிந்தது. இலஞ்சம் வந்தபோது விதியே இல்லாமற் போயிற்று. அவரைக் காக்க இருந்த கடைசி வேலியை இருவர் சேர்ந்து தமக்குள் விற்றுக்கொண்டனர். தொலைபேசியிற் பெரிய இடத்து ஆளைப் பிடித்துப் பத்திரத்தைக் கிழிக்கச் செய்வதும் இதே இனமே. அதில் காசு கைமாறுவதில்லை, செல்வாக்குக் கைமாறுகிறது. சோழனின் அமைச்சர்கள் சொன்ன சலுகைதான் அது, கழுவாய்கூட இல்லாமல்.

இதில் அரசின் பங்கை நாம் மறைக்கக் கூடாது. நேர்மையான வழிக்கு இரண்டு நாள் உழைப்பும், நேர்மையற்ற வழிக்கு இரண்டு நிமிடமும் செலவாகும் என்றால், அந்த ஏற்பாடே மனிதனை இலஞ்சத்தின் பக்கம் தள்ளுகிறது. கைப்பேசி வழியாக அவ்விடத்திலேயே தண்டம் செலுத்தும் முறை 2025 இல் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கப்படுகிறது. இது நல்ல தொடக்கம். ஆனால் அத்தகைய கைப்பேசியும் வங்கிக் கணக்கும் இல்லாத மீனவனுக்கும் வயற்கூலிக்கும் அதே எளிமையை வேறு வழியால் தருவது அரசின் கடன். நேர்மை வசதி உள்ளவர்களின் ஆடம்பரமாகிவிடக் கூடாது.

நான்காம் குரல் வழக்காடும் குரல். இதனைச் சிலர் ஒழுங்கீனம் என்பர். நாம் அப்படிக் கருதவில்லை. குற்றம் செய்யாதவன் நேரம் மிச்சமாகட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்வது பணிவன்று, பொய். அப்பொய்யைச் சொல்லுமாறு மனிதனை நெருக்குவது எது? ஒரு வழக்குத் தவணைக்கு ஒரு நாட்கூலி. மறு தவணைக்கு மறு நாட்கூலி. இதனால் நீதிமன்றத்தின் படியேறும் உரிமை எழுத்தில் எல்லோருக்கும், நடைமுறையில் விடுமுறை எடுக்கக்கூடியவர்களுக்கும் என்றாகிவிடுகிறது.

கிழக்கில் இக்கேள்விக்கு இன்னும் ஓர் ஆழம் உண்டு. இங்கே ஒரு தலைமுறை வீதித் தடைகளையும் சோதனைச் சாவடிகளையும் கண்டே வளர்ந்தது. சீருடை கைகாட்டினால் இறங்கு, கேள்வி கேளாதே என்பதே அன்று உயிர் தப்பும் இலக்கணம். போர் கிழக்கில் 2007 இலும் நாட்டில் 2009 இலும் முடிந்தது. அச்சம் அதே தேதியில் முடிந்துவிடவில்லை. 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் தந்த காயத்துக்கு 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி மருந்திட முயன்றது. ஆனால் பொலிஸ் நிலையத்து மேசைவரை அம்மருந்து பல இடங்களில் இன்னும் எட்டவில்லை. தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளை வாங்கிக்கொண்டு போகும் மனிதனிடம், சட்டத்தை மதி என்று சொல்வதில் என்ன பொருள்? அவன் அஞ்சுகிறான், மதிக்கவில்லை. அச்சத்தால் ஓடும் வண்டி, அச்சம் கண்மறைந்ததும் கோட்டைக் கடக்கும். எதைக் குற்றம் என்கிறீர்கள், எந்த விதி, என் மொழியில் எழுதித் தாருங்கள் என்று அமைதியாகக் கேட்கும் குடிமகன் சட்டத்தை எதிர்ப்பவன் அல்லன். அதனைச் சட்டமாக்குபவன் அவனே.

அவ்வாறு கேட்பவனுக்கு மறு பக்கத்துக் கடமையும் உண்டு. வழக்காடுவதற்கு முன் அவன் தன்னையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: நான் பார்த்தேனா? பொலிஸார் நிரூபிக்க முடியுமா என்பது சட்டத்தரணியின் கேள்வி. பார்த்தேனா என்பது மனச்சாட்சியின் கேள்வி. முதலாவதற்கு ‘இல்லை’ என்ற விடை வந்து, இரண்டாவதற்கும் ‘இல்லை’ என்ற விடையே வந்தால், வழக்கில் வெல்லலாம். ஆனால் கடன் தீராது.

நான்கு குரல்களையும் கேட்டோம். இப்போது பதினைந்து கற்களுக்குத் திரும்புவோம். நிரல் மாறிய சாரதி எந்தத் தூபியையும் உடைக்கவில்லை. அவன் பெயர்த்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை: பின்னால் வந்தவரின் நம்பிக்கையை. அதனை எப்படிச் சீர்செய்வது? தண்டத்தைக் கட்டுவது முதற் கல், அது அரசுக்குரியது. மீதிக் கற்கள் அவரவர் கையில் உள்ளன. நாளை அதே திருப்பத்தில் தலை திருப்பிப் பார்ப்பது ஒரு கல். அவசரத்தில் இருக்கும் பிறனுக்கு வழி விடுவது ஒரு கல். தன் சங்கத்திலும் தொழிற்சங்கத்திலும் எழுந்து, ஓட்டப்பந்தயத்தை வளர்க்கும் கூலி முறையை மாற்றக் குரல் கொடுப்பது பெரிய கல்.

அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் தூக்க வேண்டிய கற்கள் வேறு. கோடு அழிந்த வீதியில் கோட்டைக் கடந்தான் என்று ஒருவனைத் தண்டிப்பது வெட்கக்கேடு. மக்களிடமிருந்து பெற்ற தண்டப் பணம் விளக்காகவும், நடைபாதையாகவும், பள்ளி வாசலில் கடவையாகவும் மாறி அதே வீதிக்குத் திரும்பினால், மக்கள் அதனைத் தண்டம் என்று நோகமாட்டார்கள். மரத்தின் மறைவில் நின்று பிடிப்பதை விட, திருப்பத்தில் வெளிப்படையாக நின்று தடுப்பதே காவல். முன்னது வேட்டை.

ஆசிரிய நண்பர்களிடம் நாம் ஒரு வேலையை வேண்டுகிறோம். வீதி விதிகளை மனப்பாடத்துக்குரிய பட்டியலாக அன்றி, நீதிப் பாடமாக வகுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாளனின் இரு தேர்களையும் மாணவர் முன் வைத்து, எந்த நீதி சிறந்தது என்று வாதிடச் செய்யுங்கள். இரண்டாயிரம் ரூபாய் யாருக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடச் செய்யுங்கள். தந்தை கொண்டுவந்த தண்டப் பத்திரத்தை வாசித்து, அதில் எழுதப்பட்ட விதியை விளக்கி, தவறு இருந்தால் கட்டவும் தவறு இல்லையேல் கேட்கவும் துணை நிற்கும் பிள்ளை, பரீட்சையில் எழுதும் எந்த விடையிலும் பெரிய விடையை எழுதியவள் ஆவாள்.

வாவியின் மக்கள் மிதவைக்குப் ‘பாதை’ என்று பெயரிட்டதில் ஓர் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. பாதை தரையிற் கிடக்கும் பொருள் அன்று; பலர் சேர்ந்து, காத்திருந்து, ஒருவர் பாரத்தை ஒருவர் தாங்கிக் கடக்கும் செயல். தார் வீதியும் அத்தகையதே. அதில் நாம் கட்டும் தண்டத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டு. பக்கத்தில் வருபவருக்குச் செலுத்தும் கடனுக்குப் பற்றுச்சீட்டு இல்லை. அவர் மாலையில் வீடு போய்ச் சேர்வதே அதற்குச் சான்று.